மேலதிக விபரம் பெறவும்

மலரின் வீடு ஐந்தாம் மாடியில் இருந்தது. மின்தூக்கி கிடையாது. பாரிசில் மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ ரயில் நிலையத்துக்கு அருகே, கீழே கைத்தொலைபேசி திருத்தும் கடையும் முடி வெட்டும் கடையும் உள்ள பழைய கட்டடம். மூன்றாம் மாடியில் நான் என் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“என்னடி கொண்டந்தனி, அம்மிக்கல்லோ?” என்று மேலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள் மலர்.

“மிளகாய்த்தூள் மூண்டு கிலோ. ஒடியல் மா. கொஞ்சம் வடகம்.”

“எடி கௌரி, பத்து நிமிசம் நடந்தால் லாச்சப்பல். அங்கை முருங்கைக்காய் பச்சையாயே கிடக்கு. நீ வந்த பிளேனிலைதான் அதுவும் வந்திருக்கும்.”

மலரும் நானும் யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவள் இருபத்திரண்டு வருடமாகப் பாரிசில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறாள். நான் ஊரிலேயே தங்கி அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்தேன். இருபத்தொன்பது வருட சேவை. இப்போது ஒரு பிரதேச செயலகத்தில் நிருவாக உத்தியோகத்தர். கோவைகளைத் திறப்பது, குறிப்பு எழுதுவது, மேலே அனுப்புவது, திரும்பி வந்தால் மறுபடியும் அனுப்புவது. இதுதான் தொழில்.

பாரிசுக்கு என்னை வரவழைத்தவள் இங்கே படிக்கும் என் மகள் ஆரணி. ஆறு வருடமாக அவள் எழுதிய கலாநிதிப் பட்ட ஆய்வை ஐந்து பேர் கொண்ட நடுவர் குழுவின் முன் வைத்துப் பதில் சொல்லப் போகிறாள். விசாவுக்கு நானும் கணவரும் விண்ணப்பித்தோம். எனக்குக் கிடைத்தது, அவர் வீட்டில் நாயோடு நின்றுவிட்டார்.

பெட்டியைவிடப் பாரமான ஒன்றையும் நான் கொண்டு போயிருந்தேன். பிரான்சில் இந்த நாளுக்கு முன்பே இரண்டு பேர் ஆய்வைப் படித்து அறிக்கை எழுத வேண்டும். முதல் அறிக்கை புகழ்ந்து எழுதியது. இரண்டாவது டப்ளினிலிருந்து வந்தது. அந்தப் பேராசிரியர் அனுமதி மறுக்கவில்லை. ஆனால் நான்கு பக்கத்துக்குக் குறை சொல்லியிருந்தார். அதில் ஒரு வரியை ஆரணி தொலைபேசியில் அழுதுகொண்டே எனக்குத் தமிழில் சொன்னாள்: “ஆய்வாளர் மௌனத்தையே ஆதாரமாகக் கொள்கிறார்.”

வாழ்நாள் முழுக்க மற்றவர்களைப் பற்றி அறிக்கை எழுதியவள் நான். என் பிள்ளையைப் பற்றி ஒருவர் எழுதிய அறிக்கை என்னை இப்படி ஆட்டிவிடும் என்று நினைக்கவில்லை. அன்றிலிருந்து தபால்காரரின் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன். இதை எழுதும்போதும் அந்தப் பழக்கம் முழுதாகப் போய்விடவில்லை. பட்டம் கிடைத்தால் அவளுக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை காத்திருந்தது. கிடைக்காவிட்டால் ஆறு வருடமும் போச்சு.

வந்த முதல் நாள் மாலை மூன்று பேரும் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் சந்தித்தோம். தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் மெத்ரோ ஓடுகிறது. கீழே சேலைக் கடை, நகைக் கடை, பாக்கு வெற்றிலை. சுப்பர்மார்க்கெட்டிலிருந்து தள்ளிவந்த சாமான் வண்டியில் அடுப்பை வைத்து ஒருவர் சோளம் சுடுகிறார். திரும்பிய பக்கமெல்லாம் “ஓம்… ஓம்…” என்று தொலைபேசியில் யாராவது சொல்லிக்கொண்டு போகிறார்கள். கொத்துரொட்டித் தகட்டுச் சத்தத்தைக் கேட்டதும் விமானத்தில் அடைத்த காது எனக்கு அப்போதுதான் திறந்தது.

ஆரணி பாரிசை ஒட்டிய சென் தெனியில் மாணவர் விடுதியில் இருக்கிறாள். கறுப்புக் கோட்டோடு ஓடிவந்தாள்.

“மெலிஞ்சு போனாய்,” என்றேன்.

“அம்மா, முதல்லை ஹலோ சொல்லுங்கோ.”

ஆட்டிறைச்சிக் கொத்து வந்தது. ஊரில் கிடைப்பதைவிட இறைச்சி கூட, உறைப்புக் குறைவு, தட்டு இரண்டு மடங்கு. சாப்பிட்டுக்கொண்டே மலர் கேட்டாள். “பிள்ளை, நீ என்னத்தைப் பற்றி எழுதினனி? உன்ர அம்மா ரெலிபோனிலை சொன்னவ, எனக்கு விளங்கேல்லை. ஏதோ அயர்லாந்து எண்டவ.”

ஆரணி மேசையில் இடம் ஒதுக்கினாள். தண்ணீர்ப் போத்தலை நடுவில் வைத்தாள். “இது பிரித்தானியா அயர்லாந்தை ஆண்ட காலம். இவர் அரசப் பிரதிநிதி. பிரித்தானிய ராணிக்குப் பதிலாக டப்ளினிலை இருப்பவர். விருந்து, நடனம், குதிரை ஊர்வலம்.” பக்கத்தில் உப்புக் குடுவை. “இவர் பிரதம செயலாளர். அமைச்சர். வருசத்திலை பாதி லண்டன் பாராளுமன்றத்திலை நிப்பார். அரசாங்கம் மாறினால் ஆளும் மாறிடுவார்.” கடைசியாகத் துடைக்கும் தாள் பெட்டி. அதைச் சுவரோடு ஒட்டி வைத்தாள். “இவர் துணைச் செயலாளர். உத்தியோகத்தர். டப்ளின் கோட்டைக்குள்ளை இவரின்ர மேசை. அசையவே மாட்டார். எல்லாக் கடிதமும் இவரிட்டைத்தான் முதல்லை வரும். எது மேலை போகும், எது போகாது எண்டு இவர்தான் தீர்மானிப்பார்.”

“அப்ப எங்கட குசினியிலை இரண்டாம் ஷெஃப் மாதிரி,” என்றாள் மலர். “பெரிய ஷெஃப் ரீவியிலை நிப்பார். சட்டி பிடிக்கிறது மற்றவர்.”

“அதேதான் அன்ரி! இதை நான் ஐந்நூறு பக்கத்திலை எழுதியிருக்கிறன்.”

இந்த உத்தியோகத்தர்கள் மேல் இவளுக்கு எப்படி ஆசை வந்தது என்பதை அன்றுதான் முழுதாகக் கேட்டேன். கொழும்பில் பட்டப்படிப்புக்காகப் பழைய ஆவணங்களைப் பார்த்தபோது ஓர் ஆளுநர் எழுதிய குறிப்புகள் கையில் வந்தன. கோபமே இல்லாமல், நாலு சொல்லில் ஒரு காரியத்தை நிறுத்துகிற கை. இவர் இதை எங்கே பழகினார் என்று தேடினாள். இலங்கைக்கு வருமுன் அவர் அயர்லாந்தில் துணைச் செயலாளராக இருந்தவர். இன்னொருவர் இந்தியாவில் மாகாணம் ஆண்டுவிட்டு டப்ளின் போனவர். சிலர் அயர்லாந்திலேயே பிறந்தவர்கள். சொந்த நாட்டைப் பிரித்தானியருக்காக நிருவகித்தார்கள். அவர்களில் ஒருவரைப் பூங்காவில் வைத்துக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். அன்று காலைதான் பதவியேற்ற புதுப் பிரதம செயலாளரும் கூட நடந்ததால் செத்துப்போனார்.

“வேலைக்கு வந்த முதல் நாளோ? ஐயோ பாவம்,” என்று மலர் கொத்துரொட்டியை நிறுத்திவிட்டு உண்மையாகவே வருந்தினாள்.

புதன்கிழமை இரண்டு வேலை. ஒன்று, சாப்பாட்டுக்குச் சொல்லுவது. பிரான்சில் ஒரு வழக்கம்: நடுவர்கள் பட்டம் என்று சொன்ன பிறகு, வந்த எல்லோருக்கும் பட்டம் வாங்கியவரின் வீட்டார் சாப்பாடு கொடுக்க வேண்டும். இதைக் கேட்டதும் ஊரில் எல்லோரும் ‘தாய் போறா, இனி என்ன’ என்றார்கள். உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு ஒரு கடிதம் வரையத் தெரிந்த அளவு இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் ரோல்ஸ் ஒன்று சுற்றத் தெரியாது. ஆகவே மலர் எனக்கு ஒரு கடையைக் காட்டினாள்.

கடைக்காரர் அறுபது வயது மதிக்கத்தக்கவர். கொமாந்து எழுதும் கொப்பியோடு நிமிர்ந்தார். இங்கே ஓடருக்கு எல்லோரும் கொமாந்து என்றுதான் சொல்கிறார்கள்.

“எத்தினை பேர் தங்கச்சி? எங்கட ஆக்களோ, வெள்ளையளோ?”

“முப்பது பேர் வரும் அண்ணை. அதிலை அஞ்சு பேர் நடுவர்.”

“நடுவரோ? பாட்டுப் போட்டியே?”

“மகள் கலாநிதிப் பட்டம் எடுக்கிறா.”

“அட! அப்ப டொக்டர்!”

“மருந்து குடுக்கிற டொக்டர் இல்லை.”

“பரவாயில்லை, அதுவும் டொக்டர்தானே. அறுபது ரோல்ஸ், அறுபது பற்றீஸ், நூறு வடை. உறைப்பைக் குறைக்கவோ?”

“குறையுங்கோ. ஒருத்தருக்கு மட்டும் கூட்டிப் போட ஏலுமோ?”

மலர் என் கையில் அடித்தாள். கடைக்காரர் சிரிக்காமல் கொப்பியில் எதையோ எழுதினார். எழுதிவிட்டுக் கேட்டார்: “எந்த நாட்டுக்காரர்?”

“அயர்லாந்து.”

“அவையளும் எங்களை மாதிரி வெள்ளைக்காரனிட்டை அடி வாங்கின ஆக்கள். விட்டிடுங்கோ,” என்றார்.

இரண்டாவது வேலை ஆரணியின் அறைக்குப் போவது. சென் தெனி சந்தையில் தோடம்பழமும் மல்லியும் வாங்கிக்கொண்டு நானும் ஆரணியும் போனோம். நாட்டுக்கு நாடு சந்தை ஒன்றுதான். இங்கே கூவி விற்பவர்கள் இறுதியில் “நன்றி அம்மணி” என்று சொல்வது மட்டும் புதிது. மலர் வேலைக்குப் போய்விட்டாள். கட்டில், மேசை, ஒரு சாளரம் தவிர வேறொன்றும் கொள்ளாத அறையில் தாயும் மகளும் இருந்தோம். ஆரணி கணினித் திரையில் ஒரு பழைய தாளின் படத்தைக் காட்டினாள்.

“அம்மா, இதுதான் அந்த மனிசன் பிழை பிடிச்ச இடம்.”

நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடியானவர்கள் சிலர் எழுதிய மனு. மூலையில் மெல்லிய பேனாவால் துணைச் செயலாளரின் கை: மேலதிக விபரம் பெறவும். கீழே பெயரின் முதலெழுத்து, திகதி. அதற்குப் பிறகு தாளில் ஒன்றும் இல்லை. மனு அப்படியே கிடந்துவிட்டது. அவர் வேண்டுமென்றே அமுக்கினார் என்று ஆரணி எழுதியிருக்கிறாள். எழுதாததை வைத்து அப்படிச் சொல்லக்கூடாது என்கிறார் டப்ளின்காரர்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனேன். நூறு வருடத்துக்கு மேற்பட்ட தாள். ஆனாலும் என் மேசையில் இருந்து எடுத்தது போலிருந்தது.

“யாரிட்டை?” என்றேன்.

“என்ன யாரிட்டை?”

“விபரத்தை யாரிட்டைப் பெறச் சொல்லிக் கிடக்கு? பொலிஸிட்டையோ, நீதவானிட்டையோ? எத்தினையாம் திகதிக்கு முன்னம்?”

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். “அப்பிடி ஒண்டும் இல்லை.”

“அப்ப இது போகாது பிள்ளை.”

“ஏன்?”

“பேரும் திகதியும் போடாட்டிக் கிளாக் அதை ஆருக்கு அனுப்புவான்? திரும்பிப் போய்க் கேக்கப் பயப்பிடுவான். கட்டி வைச்சிடுவான். பேந்து ஆராவது வந்து கேட்டால், ‘விபரம் கேட்டிருக்கு’ எண்டு சொல்லலாம். பொய்யும் இல்லை.”

ஆரணி திரையை விட்டு என்னைப் பார்த்தாள்.

“அம்மா, உங்களுக்கு இது எப்பிடித் தெரியும்?”

நான் தோடம்பழம் உரிக்கத் தொடங்கினேன். “இருபத்தொன்பது வருசம்,” என்றேன். என் யன்னலுக்கு முன்னால் கையில் கடிதத்தோடு நின்ற சில முகங்கள் நினைவுக்கு வந்தன. அவர்களுக்கும் நான் பொய் சொல்லவில்லை.

ஆரணி திரைக்குத் திரும்பினாள். வேறு படங்களைத் திறந்தாள். ஒன்று, இரண்டு, பத்து. அதே மனிதர் தனக்கு உண்மையிலேயே விபரம் வேண்டியபோது எப்படி எழுதினார் என்று பார்த்தாள். அங்கே எல்லாம் ஆளின் பதவி இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு முன், திங்கட்கிழமைக்கு முன் என்று நாளும் இருந்தது. ஆள் இல்லாத குறிப்புள்ள தாள்கள் எல்லாம் நித்திரை. ஆள் உள்ளவை எல்லாம் பதிலோடு திரும்பியிருந்தன.

“ஆறு வருசமா அவர் எழுதினதையே வாசிச்சுக்கொண்டிருந்திருக்கிறன், எழுதாமல் விட்டதைப் பாக்கேல்லை!” என்று கத்தி என் கழுத்தைக் கட்டிப்பிடித்தாள். பக்கத்து அறையிலிருந்து சுவரில் தட்டினார்கள். தோடம்பழச் சாறு அவளுடைய தலைமயிரில் பட்டுவிட்டது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. அப்போதே தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டாள்.

வியாழன். இரண்டு மணிக்குத் தொடக்கம். மலர் அன்று லீவு எடுத்திருந்தாள். மூன்று பெட்டிச் சாப்பாட்டோடு லாச்சப்பலில் மெத்ரோ ஏறினோம். பிளாஸ் து கிளிஷியில் மாறி சென் தெனிக்குப் போகும் பதின்மூன்றாம் தடத்தைப் பிடித்தோம். எங்கள் பெட்டிகளிலிருந்து எழுந்த வாசனைக்கு ஒரு பெரியவர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். மலர் அவருக்கு ஒரு வடை கொடுத்தாள். அவர் அடுத்தவருக்குப் பாதி கொடுத்தார். நான் நிலையங்களின் பெயரை வாசித்துக்கொண்டு வந்தேன்.

“மலர், ஆரணி எழுதித் தந்த பேருகள் இதிலை இல்லை.”

“அது வரும்.”

“மூண்டு நிறுத்தம் போயிட்டுது.”

மலர் வடை வாங்கியவரிடம் பிரெஞ்சில் கேட்டாள். அவர் வருத்தத்தோடு தலையாட்டினார். அந்தத் தடம் வழியில் இரண்டாகப் பிரிகிறதாம். நாங்கள் மற்றக் கிளையில் போய்க்கொண்டிருந்தோம்.

“இருபத்திரண்டு வருசம் இஞ்சை இருக்கிறாய்!”

“நான் வேலைக்குப் போய் வாறனான் கௌரி, யூனிவசிட்டிக்குப் போறேல்லை!”

இறங்கி, படியேறி, படியிறங்கி, எதிர்த் திசையில் ஏறி, பிரியும் இடத்தில் மீண்டும் மாறினோம். வடை வாங்கியவரும் கூட இறங்கி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களைச் சரியான வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் போனார். பல்கலைக்கழக மண்டபத்துக்குள் நுழையும்போது இரண்டு மணிக்கு நான்கு நிமிடம் இருந்தது.

டப்ளின் பேராசிரியரை நான் உயரமான, தாடை பெரிய மனிதராகக் கற்பனை செய்து வைத்திருந்தேன். மெலிந்த சின்ன மனிதர். கம்பளிச் சால்வையைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். தலைவர் வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய ஓர் அம்மையார். பார்வையாளர் யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது விதி என்று ஆரணி முன்பே சொல்லியிருந்தாள். மலர் என் காதுக்குள் மொழிபெயர்க்க வந்திருந்தாள். அவளுடைய பிரெஞ்சு சமையலறைப் பிரெஞ்சு.

“என்ன சொல்லுறாள்?”

“கடிதமாம். பெட்டியாம். ஆரோ பெரிய ஆள் கதவைப் பூட்டிப் போட்டாராம்.”

“பேந்து?”

“பேந்து இன்னும் கடிதம்.”

இப்படியே இரண்டு மணித்தியாலம். நாலாவதாக டப்ளின்காரரின் முறை வந்தது. அவர் பிரெஞ்சில் இரண்டு வசனம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினார். ஆகவே கேள்வி எனக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது. ஆரணி பிரெஞ்சில் சொல்லும் பதில்தான் விளங்கப் போவதில்லை. கடவுளே, மாறி இருந்திருக்கக் கூடாதா?

“மேலதிக விபரம் கேட்பது நல்ல அதிகாரியின் கடமை,” என்றார் அவர், மிக மரியாதையாக. “என் நாட்டை இந்த மனிதர்கள் ஆண்டார்கள். அவர்கள் மேல் எனக்கு அன்பு இல்லை. அதனால்தான் அவர்கள் செய்யாத குற்றத்தை அவர்கள் மேல் போட நான் சம்மதிக்க மாட்டேன். இது வேண்டுமென்றே அமுக்கியது என்று உங்களுக்கு யார் சொன்னது?”

ஆரணி தண்ணீர் குடித்தாள். பிறகு திரையில் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். ஒன்றில் ஆளின் பதவியும் நாளும். மற்றதில் வெறுமை. பிரெஞ்சில் பேசிக்கொண்டே போனவள் திடீரென்று கையை நீட்டி என்னைக் காட்டினாள். மண்டபமே திரும்பியது. சிலர் சிரித்தார்கள்.

“மலர்! என்ன சொன்னவள்?”

“உன்னைப் பற்றித்தான். உன்ர கந்தோரிலை வேலை நடக்கிறேல்லை எண்டு சொல்லுறாள் போலை.”

டப்ளின்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து எதையோ எழுதினார். நீளமாக எழுதினார். ஓர் உத்தியோகத்தர் நீளமாக எழுதினால் நல்லதில்லை என்பது என் அனுபவம்.

ஐந்து மணிக்குக் கேள்விகள் முடிந்தன. எங்களை வெளியே அனுப்பிவிட்டு நடுவர்கள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆரணி முகம் கழுவப் போனாள். நடைபாதையில் நீள மேசையில் மலர் தட்டுகளைப் பரப்பினாள்.

அப்போது நான் செய்ததை இன்றைக்கும் என்னால் முழுதாக விளங்கிக்கொள்ள முடியவில்லை. எங்கள் செயலகத்துக்குக் கொழும்பிலிருந்து பரிசோதனைக் குழு வரும். பார்த்து முடிந்து அறிக்கை எழுத அறைக்குள் உட்காருவார்கள். அவர்கள் பேனாவைத் திறக்குமுன் தட்டு உள்ளே போயிருக்க வேண்டும். இது எங்கும் எழுதப்படாத சுற்றறிக்கை. இத்தனை வருடத்தில் ஒரு முறையும் நான் தவறவிட்டதில்லை. ஐந்து மனிதர்கள் மூன்று மணித்தியாலம் ஒரு வாய் தேத்தண்ணியும் இல்லாமல் கதைத்துவிட்டு என் பிள்ளையைப் பற்றி எழுதப் போகிறார்கள். கால் தானாக நடந்தது. பத்து ரோல்ஸை ஒரு தட்டில் அடுக்கி, கடதாசித் துவாலையும் எடுத்துக்கொண்டு, கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன்.

ஐந்து முகமும் நிமிர்ந்தன.

“சின்னதாக ஏதாவது எடுங்கள்,” என்றேன் ஆங்கிலத்தில்.

“அம்மணி,” என்றார் டப்ளின்காரர் மெதுவாக, “நாங்கள் இரகசியக் கூட்டத்தில் இருக்கிறோம்.”

தட்டை அவர்களுடைய தாள்களுக்கு மேலேயே வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

ஆரணி திரும்பி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மேசையில் குறைந்த தட்டைப் பார்த்தாள். மூடிய கதவைப் பார்த்தாள்.

“அம்மா. என்ன செய்தனீங்கள்?”

சொன்னேன். அவள் சுவரோடு சாய்ந்து அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். “முடிவுக்கு முதல் சாப்பாடு குடுக்கிறதுக்கு இஞ்சை வேறை பேர், அம்மா.”

“லஞ்சம் எண்டு நினைப்பினமோ?”

“ரோல்ஸுக்கோ?” என்று மலர் இடையில் விழுந்தாள். “எங்கட குசினிக்குச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் நாங்கள் ஒரு கோப்பிதன்னும் குடுக்கிறேல்லை. குடுத்தால் கடையைப் பூட்டிடுவாங்கள்.” எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்து, “இது யூனிவசிட்டிதானே, பூட்டமாட்டாங்கள்,” என்று முடித்தாள்.

பத்து நிமிடம் போனது. இருபது. சாதாரணமாக இருபது நிமிடம்தான் ஆகும் என்று ஆரணியின் நண்பர்கள் பேசிக்கொண்டார்கள். முப்பது. நான் ஆரணியின் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தேன். அவள் என் தோளில் தலையை வைத்தாள். ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நாற்பதாவது நிமிடம் உள்ளே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. என்ன சிரிப்பு என்று தெரியாமல் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

கதவு திறந்தது. உள்ளே போய் எல்லோரும் நின்றபடியே கேட்க வேண்டும். தலைவர் ஒரு தாளை வாசித்தார். மலர் மொழிபெயர்க்க வேண்டியவள், என் கையைப் பிசைந்துகொண்டு அழத் தொடங்கிவிட்டாள். எனக்கு நடுவில் ஒரு சொல் மட்டும் விளங்கியது: டொக்தர். அது போதும். கைதட்டலுக்குள் ஆரணி முதலில் என்னிடம் வந்தாளா, நான் அவளிடம் ஓடினேனா தெரியாது.

நடுவர்களின் மேசையில் என் தட்டு வெறுமையாக இருந்தது.

பிறகு கையெழுத்து. தீர்ப்புத் தாளில் ஐந்து பேரும் ஒப்பமிட வேண்டும். அதை மறுநாள் ஆரணி அலுவலகத்தில் ஒப்படைத்தால்தான் பட்டம் பதிவாகும். நான் எட்டிப் பார்த்தேன். மடிப்பில்லாத வெள்ளைத் தாள், ஐந்தாவது கையெழுத்துக்குப் பக்கத்தில், மஞ்சளும் சிவப்புமாக ஒரு பெருவிரல் அடையாளம். ரோல்ஸ் எண்ணெய். டப்ளின்காரரின் விரல்.

பார்வையாளர் பேசக்கூடாது என்ற விதி என் நினைவிலிருந்து போய்விட்டது. “ஐயா, இது இப்படிப் போகக்கூடாது. அலுவலகம் திருப்பி அனுப்பும்.”

“யார் திருப்பி அனுப்புவார்?”

“எந்தக் கிளாக்கும் அனுப்புவார். நானாக இருந்தால் அனுப்புவேன்.”

அவர் தன் பெருவிரலைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். “நேற்றுப் பெயரும் திகதியும் பார்த்துச் சொன்ன அம்மணி நீங்கள்தானே? உள்ளே நாற்பது நிமிடம் உங்களைப் பற்றித்தான் கதைத்தோம். என் அறிக்கையை நானே திருத்தி எழுத வேண்டியிருந்தது. அதுதான் நேரம் போனது. சொல்லுங்கள், இந்தக் கறைக்கு உங்கள் கந்தோரில் என்ன செய்வீர்கள்?”

“சுற்றி வட்டம் போட்டு, என்னவென்று எழுதி, முதலெழுத்தும் திகதியும் வைப்போம். யார் செய்தது, எப்போது செய்தது என்று தெரிய வேண்டும்.”

அவர் சால்வையைப் பின்னால் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். கறையைச் சுற்றி மிகக் கவனமாக ஒரு வட்டம் போட்டார். பக்கத்தில் ஆங்கிலத்தில் ‘எண்ணெய்’ என்று எழுதினார். முதலெழுத்து. திகதி. பேனாவைத் தலைவரிடம் நீட்டினார். அந்த அம்மையார் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுத் தானும் முதலெழுத்துப் போட்டார். மற்ற மூவரும் வரிசையில் வந்து போட்டார்கள். அதற்குப் பிறகு எழுந்து வடைத் தட்டுப் பக்கம் போன டப்ளின்காரர், ஏழு மணி வரைக்கும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

மறுநாள் காலை ஆரணியோடு நானும் அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் என் வயதில் ஒரு பெண். தாளை வாங்கி வட்டத்தைப் பார்த்தாள். ஐந்து முதலெழுத்தையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஆரணி பேச வாயெடுத்தாள். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் தாளை மேசையில் நேராக்கி, முத்திரையை மையில் ஒற்றி, கறை இல்லாத இடம் பார்த்துக் குத்தினாள். என் இருபத்தொன்பது வருட சேவையில் அவ்வளவு நேராக விழுந்த முத்திரையை நான் கண்டதில்லை.